கொடுத்த பக்கம் எப்போது திரும்பும்? விஎம்ஸ்ப்ளைஸ் வேலை செய்யும் விதம்

சித்திரா பௌர்ணமி அதிகாலையில் கள்ளழகர் வைகையில் இறங்குவதை ஆழ்வார்புரம் கரையிலிருந்து நேரலையாகக் காட்ட வேண்டும். கையில் ஒரு கேமராவும் ஒரு லினக்ஸ் கணினியும் இருக்கின்றன. கேமராவிலிருந்து ஃப்ரேம்களை எடுப்பது நாம் எழுதிய புரோகிராம். அவற்றைச் சுருக்கி இணையத்துக்கு அனுப்புவது எஃப்எஃப்எம்பெக். இரண்டையும் இணைப்பது ஒரு பைப், அதாவது ஒரு புரோகிராம் எழுதுவதை இன்னொன்று படிக்கும் வழி. 1920க்கு 1080 அளவில், சுருக்காத ஒய்யுவி 420 வடிவில் ஒரு ஃப்ரேம் 31,10,400 பைட் வரும். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் சுமார் 78 மெகாபைட் அந்தப் பைப் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த 78 மெகாபைட்டும் வழியில் இரண்டு முறை நகலெடுக்கப்படுகிறது. கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், புரோகிராம் வேலை கேட்கும் வழிக்கு சிஸ்டம் கால் என்று பெயர். நாம் 'ரைட்' என்ற சிஸ்டம் காலை அழைத்ததும், கெர்னல் தனக்கென்று வெற்று மெமரி பக்கங்களை (மெமரியைச் சம அளவில் பிரித்த துண்டுகளை) ஒதுக்கி, நம் பஃபரில் (நாம் தரவை வைத்திருக்கும் மெமரி இடத்தில்) இருப்பதை அவற்றில் பிரதியெடுக்கிறது. மறுமுனையில் எஃப்எஃப்எம்பெக் 'ரீட்' அழைத்ததும், அந்தப் பக்கங்களிலிருந்து அதன் பஃபருக்கு இன்னொரு பிரதி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விவசாயி கொண்டுவந்த மல்லிகையை அவர் சாக்கிலிருந்து கமிஷன் கடைச் சாக்குக்குக் கொட்டி, அங்கிருந்து வாங்குபவர் சாக்குக்கு மறுபடி கொட்டுவதைப் போன்றது இது. முதல் கொட்டலைத் தவிர்த்து, விவசாயியின் சாக்கையே அப்படியே கடைக்குள் தூக்கி வைத்துவிட்டால்? அதைத்தான் விஎம்ஸ்ப்ளைஸ் செய்கிறது. நம் பஃபர் இருக்கும் மெமரி பக்கங்களையே, நகலெடுக்காமல், பைப்புக்குள் சேர்த்துவிடுகிறது.

2006இல் வெளியான லினக்ஸ் 2.6.17 கெர்னலில் ஸ்ப்ளைஸ், டீ ஆகிய இரண்டோடு சேர்ந்து இது வந்தது. எழுதியவர் ஜென்ஸ் ஆக்ஸ்போ. பைப்பையே கெர்னலுக்குள் இருக்கும் ஒரு பஃபராக வைத்துத் தரவை நகர்த்தலாம் என்ற எண்ணம் லேரி மெக்வாய் முன்வைத்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வளர்த்தார். ஸ்ப்ளைஸ் ஒரு கோப்பையோ சாக்கெட்டையோ (நெட்வொர்க் இணைப்பின் முனையையோ) பைப்போடு இணைக்கும். டீ ஒரு பைப்பில் இருப்பதை இன்னொரு பைப்பிலும் காட்டும். புரோகிராமின் சொந்த மெமரியைப் பைப்புக்குள் கொண்டுவருவது விஎம்ஸ்ப்ளைஸின் பங்கு.

பல விளக்கங்களில் இது 'மெமரியைப் பைப்புக்கு நகர்த்துகிறது' என்று எழுதப்பட்டிருக்கும். அந்தச் சொல்லை நம்பிப் புரோகிராம் எழுதினால் தவறு நிச்சயம். எதுவும் நகர்வதில்லை. பக்கம் நம் முகவரியில் முன்பு இருந்தபடியே இருக்கிறது, நம்மால் அதில் எழுதவும் முடிகிறது. அதே பக்கத்தைப் பைப்பும் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சாக்கு கடைக்குள் இருக்கிறது, விவசாயியின் கையும் சாக்குக்குள் இருக்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாச் சிக்கலும் ஏன் வருகிறது என்பது தானே விளங்கும்.

பைப்பின் உள்ளே

பைப் என்பதை ஒரு குழாயாக நினைப்பதைவிட, வட்டமாக அடுக்கிய சிறு அறைகளாக நினைப்பது நல்லது. சாதாரணமாக 16 அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு மெமரி பக்கத்துக்கான சுட்டி, அந்தப் பக்கத்தில் தரவு எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனை பைட் என்ற குறிப்பு, சில ஃப்ளாகுகள். பக்கம் 4096 பைட் என்பதால் 16 அறைக்கு 65,536 பைட். 'பைப்பின் கொள்ளளவு 64 கிலோபைட்' என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். 2.6.11க்கு முன்பு ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது.

விஎம்ஸ்ப்ளைஸை அழைக்கும்போது நான்கு விஷயங்கள் கொடுக்கிறோம்: பைப்பின் எழுதும் முனை, ஐஓவெக் பட்டியல் (ஒவ்வொன்றிலும் ஒரு முகவரி, ஒரு நீளம்), அந்தப் பட்டியலில் எத்தனை இருக்கிறது, ஃப்ளாகுகள். பட்டியலில் அதிகபட்சம் 1024 உருப்படி வரலாம். கெர்னல் அந்த முகவரிகளுக்குப் பின்னால் இருக்கும் நிஜமான பக்கங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் பயன்பாட்டு எண்ணிக்கையையும் ஒன்று கூட்டி, ஆளுக்கொரு அறையில் வைக்கிறது. எத்தனை பைட் உள்ளே போனது என்பதைத் திருப்பித் தருகிறது.

அந்த 'ஆளுக்கொரு அறை' என்பதில்தான் பலர் முதலில் தடுக்கி விழுகிறார்கள். பைப் நிரம்பியதா என்பது அறைக் கணக்கில்தான், பைட் கணக்கில் இல்லை. 10 பைட் நீளமுள்ள 16 துண்டுகளைத் தனித்தனியாக விஎம்ஸ்ப்ளைஸ் செய்தால், 160 பைட்டிலேயே பைப் நிரம்பிவிடும். 'ரைட்' அப்படியில்லை: முந்தைய அறையில் மிச்சமிருக்கும் இடத்தில் தொடர்ந்து எழுதிக்கொள்ளும். நம் பக்கத்தில் அதுபோல இன்னொருவர் ஒட்டி எழுதக் கூடாது என்பதால் விஎம்ஸ்ப்ளைஸ் அறைகளுக்கு அந்த வசதி கிடையாது.

இதே காரணத்தால் பஃபர் பக்க எல்லையில் தொடங்க வேண்டும். 65,536 பைட் பஃபர் எல்லையில் தொடங்கினால் சரியாக 16 பக்கம். 16 பைட் தள்ளித் தொடங்கினால் 17 பக்கங்களைத் தொடும். 16 அறைப் பைப்பில் 17ஆவது பக்கத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு முறையும் குறை அளவே உள்ளே போகும். சி மொழிக்கான ஜிலிப்சி நூலகத்தில் மெமரி ஒதுக்கித் தரும் மாலாக், 128 கிலோபைட்டுக்கு மேற்பட்ட பெரிய கோரிக்கைக்குத் தனி மேப்பிங் எடுத்து, அதன் தலைப்பில் தன் கணக்குக்காக 16 பைட் எழுதிக்கொண்டு, அதற்குப் பிந்தைய முகவரியைத்தான் நமக்குத் தரும். அதாவது பெரிய பஃபரை மாலாக்கில் கேட்டால் அது எல்லை தவறித்தான் வரும். கெர்னலிடமிருந்து முழுப் பக்கங்களாக மெமரி வாங்கும் எம்மேப்பில் நேரடியாகக் கேளுங்கள், அல்லது பாசிக்ஸ்-மெம்அலைன் மூலம் 4096இன் மடங்கில் கேளுங்கள்.

பைப்பைப் பெரிதாக்குவதும் அவசியம். எஃப்சிஎன்டிஎல் அழைப்பில் 'செட் பைப் சைஸ்' கட்டளை 2.6.35 முதல் உண்டு. சாதாரண பயனருக்கு மேல்வரம்பு 10,48,576 பைட், அதாவது 256 அறை. கேட்ட அளவை கெர்னல் இரண்டின் அடுக்குக்கு மேல்நோக்கி முழுமையாக்கும்: 300 கிலோபைட் கேட்டால் 512 கிலோபைட் கிடைக்கும். ஆகவே கேட்டதைக் கணக்கில் வைக்காமல், அழைப்பு திருப்பித் தரும் எண்ணைக் கணக்கில் வையுங்கள். ஒரே பயனரின் எல்லாப் பைப்புகளுக்கும் சேர்த்து 16,384 பக்கம் என்று இன்னொரு வரம்பும் உண்டு. ஒரு மெகாபைட் பைப்புகள் 64 திறந்தாலே அது தீர்ந்துவிடும். அதன்பின் பெரிதாக்கக் கேட்டால் 'அனுமதியில்லை' என்ற பிழைதான் வரும்.

ஒரு சின்னச் சோதனை

ஒரே புரோகிராமுக்குள் ஒரு பைப்பைத் திறந்துகொள்ளுங்கள். எம்மேப்பில் ஒரு பக்கம் வாங்கி, 4096 பைட்டையும் 'அ'வுக்கான ஓர் எண்ணால் நிரப்புங்கள். விஎம்ஸ்ப்ளைஸ் செய்யுங்கள். இப்போது அதே பக்கத்தை 'ஆ'வுக்கான எண்ணால் நிரப்புங்கள். பிறகு பைப்பின் மறுமுனையிலிருந்து படியுங்கள். வருவது 'ஆ'. அனுப்பியபோது இருந்தது வரவில்லை, படிக்கும் நேரத்தில் இருப்பதுதான் வருகிறது.

சோதனை செய்யும்போது நடுவில் ஃபோர்க் (ஓடும் புரோகிராம் தன்னைப்போலவே ஒரு 'சேய்' புரோசஸை உருவாக்குவது) வேண்டாம். பக்கத்தை நிரப்பியபின் ஃபோர்க் செய்திருந்தால், அந்தப் பக்கம் தாய்க்கும் சேய்க்கும் பொதுவாகி, யார் முதலில் எழுதினாலும் அவருக்குப் புதுப் பக்கம் கிடைக்கும் நிலைக்குப் போய்விடும். அப்போது தாய் 'ஆ' எழுதினால் அது புதுப் பக்கத்தில் விழும், பைப்பில் பழைய 'அ'வே இருக்கும். 'பயந்தபடி எதுவும் நடக்கவில்லையே' என்று நம்பிவிடுவோம். நிஜ வேலையில் ஃபோர்க் இல்லாத இடத்தில் தரவு கெடும்போதுதான் உண்மை தெரியவரும். வாங்கிய பக்கத்தில் எதுவுமே எழுதாமல் முதலில் விஎம்ஸ்ப்ளைஸ் செய்தாலும் இதுபோன்ற ஏமாற்றம் உண்டு: கெர்னல் அங்கே பொதுவான பூஜ்யப் பக்கத்தை வைத்துவிடும், பிறகு நாம் எழுதுவது வேறு பக்கத்துக்குப் போகும், படிப்பவருக்கு வெறும் பூஜ்யம்.

எழுத முயன்றால் தானாக நகலெடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை கெர்னலே செய்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. ஃப்ரீபிஎஸ்டியின் நகலில்லா சாக்கெட் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. டோர்வால்ட்ஸ் 2006இலேயே அதை மறுத்தார். பக்கத்தை எழுத முடியாததாக மாற்றுவதற்கு, எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று குறித்திருக்கும் பக்க அட்டவணையைத் திருத்தி, செயலியின் மற்ற கோர்களின் முகவரித் தற்காலிகச் சேமிப்பையும் காலிசெய்ய வேண்டும். பிறகு எழுத முயலும்போது ஒரு பேஜ் ஃபால்ட் (புரோகிராம் நின்று, பக்கத்தைச் சரிசெய்ய கெர்னல் தலையிடுவது). இவ்வளவுக்கும் ஆகும் நேரத்தில் 4096 பைட்டை நகலெடுத்தே முடித்துவிடலாம். அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. அதன் விலையாக, பக்கத்தைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதும் புரோகிராம் எழுதுபவர் தலையில் வந்தது.

எப்போது திரும்பி வந்தது?

விஎம்ஸ்ப்ளைஸின் பெரிய குறை இதுதான்: கொடுத்த பக்கத்தைப் படித்து முடித்தாயிற்று என்று சொல்ல அதனிடம் வழியில்லை. அழைப்பு வெற்றியோடு திரும்புவதற்குப் பக்கம் பைப்பில் ஏறிவிட்டது என்று மட்டுமே பொருள். அந்தக் கணமே ஃப்ரீ செய்தால், அதாவது மெமரியை மாலாக்கிடம் திருப்பிக் கொடுத்தால், பக்கம் அழியாது, ஆனால் மாலாக் அந்த இடத்தை அடுத்த கோரிக்கைக்குக் கொடுத்துவிடும். கடவுச்சொல்லோ வேறொரு வாடிக்கையாளரின் தரவோ அங்கே எழுதப்பட்டால், பைப்பின் மறுமுனைக்கு அது போய்ச் சேரும். ஃபங்ஷனின் உள்ளூர் மாறியாக ஸ்டாக்கில் இருக்கும் பஃபரைக் கொடுப்பது இன்னும் மோசம். அடுத்த ஃபங்ஷன் அழைப்பிலேயே அது மிதிபட்டுவிடும்.

வழி என்ன? பைப்பின் கொள்ளளவை வைத்தே கணக்கிடலாம். பைப்பில் 256 அறை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தைக் கொடுத்தபின் இன்னும் 256 பக்கங்கள் வெற்றிகரமாக உள்ளே போய்விட்டால், முதலில் கொடுத்தது வெளியேறியே தீர வேண்டும். இல்லையென்றால் இவற்றுக்கு இடம் இருந்திருக்காது. ஆகவே பைப்பின் அளவுக்குச் சமமான இரண்டு பஃபர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் போதும். இரண்டாவது பஃபர் கடைசிப் பக்கம் வரை ஏறியதும் முதலாவது நமக்குத் திரும்பிவிட்டது.

நம் அழகர் கேமராவுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஃப்ரேம் 31,10,400 பைட். 4096ஆல் வகுத்தால் 759 முழுப் பக்கமும் 1536 பைட் மிச்சமும். ஆக 760 அறை. 256 அறைப் பைப்பை ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ மூன்று முறை நிரப்பும். இரண்டாம் ஃப்ரேமின் முதல் 256 பக்கம் ஏறியதுமே முதல் ஃப்ரேம் முழுவதும் விடுதலை. ஆனாலும் இரண்டு பஃபர் போதாது, மூன்று வையுங்கள்: ஒன்று பைப்பில் மிச்சம் கிடக்கும், இன்னொன்று ஏறிக்கொண்டிருக்கும், கேமரா அடுத்த ஃப்ரேமை எழுத மூன்றாவது தேவை. ஒவ்வொரு பஃபரையும் 31,12,960 பைட்டாக, அதாவது 760 முழுப் பக்கமாக ஒதுக்கி, ஒவ்வொன்றும் எல்லையில் தொடங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பும் நீளம் மட்டும் 31,10,400தான். அந்த 2560 பைட் நிரப்பலையும் சேர்த்து அனுப்பினால் எஃப்எஃப்எம்பெக்கில் இரண்டாம் ஃப்ரேமிலிருந்தே படம் நகர்ந்துபோய், நிறமும் சிதையும்.

இந்தக் கணக்கு பொய்க்கும் இடங்கள் உண்டு. படிப்பவர் 'ரீட்' மூலம் படித்தால் மட்டுமே இது செல்லும். ரீட் நகலெடுத்துக்கொண்டு அறையைக் காலி செய்கிறது. பக்கத்தோடு அதற்கு உறவு முடிந்தது. படிப்பவர் டீ செய்து இன்னொரு பைப்புக்கு (நேரலைக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று என்பது இயல்பான ஆசை) அனுப்பினால், அதே பக்கம் இரண்டாம் பைப்பிலும் உட்கார்ந்திருக்கும். முதல் பைப் காலியானது எதையும் உறுதிப்படுத்தாது. பைப்பின் எந்த முனையிலிருந்தும் கொள்ளளவை மாற்றலாம் என்பதால், படிப்பவர் அதைப் பெரிதாக்கினாலும் நம் எண் தவறாகிவிடும். பைப்பில் படிக்காமல் மிச்சமுள்ள பைட்டைச் சொல்லும் எஃப்ஐஓஎன்ரீட் என்ற ஐஓசிடிஎல் உண்டு. அது சரியான எண்ணைத் தரும், ஆனால் அந்தப் பைப்பைப் பற்றி மட்டும்.

ஸ்ப்ளைஸ் மூலம் சாக்கெட்டுக்குப் போனால் இன்னும் நீளும். இணையத்தில் தரவை அனுப்பும் டிசிபி நெறிமுறையின் அனுப்பும் வரிசையில் அந்தப் பக்கங்கள், எதிர்முனையிலிருந்து 'பெற்றேன்' என்ற ஒப்புகை வரும்வரை இருக்கும். நடுவில் நாம் எழுதிவிட்டு, ஒரு பாக்கெட் தொலைந்து மறுமுறை அனுப்பப்பட்டால், மறுமுறை போவது மாறிய தரவு. செக்சம் (தரவு கெட்டதா என்று கண்டறியும் எண்) அந்த மாறிய தரவுக்கே புதிதாகக் கணக்கிடப்படுவதால் எதிர்முனைக்குச் சந்தேகமே வராது. திருவிழா நாளில் லட்சக்கணக்கான கைபேசிகள் ஒரே டவரைப் பிடித்துக்கொண்டிருக்கையில் பாக்கெட் தொலைவது சாதாரணம். அலுவலக மேசையில் ஒருமுறைகூடத் தெரியாத பிழை அன்றைக்குத்தான் வெளியே வரும். ஒப்புகை வராத பைட் எத்தனை என்று சாக்கெட்டிடம் கேட்க எஸ்ஐஓசிஅவுட்க்யூ உதவும். ஆனால் அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே கணினியில் இருந்தால் அதையும் நம்ப முடியாது: லூப்பேக்கில் ஒப்புகை வந்தபிறகும், பெறுபவர் படிக்காதவரை நம் பக்கமே அவருடைய வரிசையில் கிடக்கும்.

எல்லாவற்றையும் தவிர்க்க ஒரு முரட்டு வழி உண்டு. கொடுத்த பக்கங்களை மீண்டும் தொடவே தொடாமல் எம்அன்மேப் மூலம் நம் முகவரியிலிருந்து நீக்கிவிட்டு, புதிதாக எம்மேப் செய்வது. பைப் தன் எண்ணிக்கையைப் பிடித்திருப்பதால் பக்கம் பத்திரம். ஆனால் ஒவ்வொரு புதுப் பக்கத்துக்கும் ஒரு ஃபால்ட், ஒரு பூஜ்யமாக்கல். தவிர்க்க நினைத்த நகலைவிட இது பெரும்பாலும் அதிகச் செலவு.

அழைக்கும்போது கவனிக்க வேண்டியவை

விஎம்ஸ்ப்ளைஸ் கேட்ட அளவு முழுவதையும் ஏற்றும் என்று எண்ணாதீர்கள். இடம் இருக்கும் அளவுக்கு ஏற்றிவிட்டு, அந்த எண்ணோடு திரும்பும். திரும்பிய எண்ணைக் கழித்து, முகவரியை அத்தனை பைட் முன்னே தள்ளி, மீண்டும் அழைக்கும் சுற்று கட்டாயம். இது இல்லாத புரோகிராம் 64 கிலோபைட் வரை நன்றாக ஓடும், அதற்கு மேல் தரவை விழுங்கும்.

பைப் நிரம்பியிருந்தால் அழைப்பு காத்திருக்கும். காத்திருக்க வேண்டாம் என்றால் நான்பிளாக் ஃப்ளாகைக் கொடுக்க வேண்டும், அப்போது 'பிறகு முயற்சி செய்' என்ற பிழை வரும். படிப்பவர் யாரும் இல்லையென்றால் ரைட்டைப் போலவே சிக்பைப் சிக்னல் வந்து புரோகிராம் நின்றுவிடும். எஃப்எஃப்எம்பெக் நடுவில் விழுந்தால் கேமரா புரோகிராமும் சேர்ந்து விழக் கூடாது என்றால், அந்த சிக்னலைப் புறக்கணிக்கச் சொல்லிவிட்டு ஈபைப் பிழையைக் கையாளுங்கள்.

வெளியீடு பைப்பாக இல்லாமல் கோப்பாகத் திருப்பிவிடப்பட்டிருந்தால் ஈபேட்எஃப் என்ற பிழை வரும். விஎம்ஸ்ப்ளைஸ் பைப்பைத் தவிர வேறெதையும் ஏற்காது. ஷெல்லில் ஒருவர் பைப்புக்குப் பதில் கோப்புக் குறியைப் போட்டுவிடுவது சகஜம். அந்தப் பிழை வந்ததும் சாதாரண ரைட்டுக்கு மாறிக்கொள்ளும் நாலு வரியை எழுதி வையுங்கள்.

ஈஃபால்ட் (முகவரி செல்லாது) என்ற பிழை வந்தால் பஃபரின் பிறப்பிடத்தைப் பாருங்கள். சில கேமரா டிரைவர்கள் தங்கள் மெமரியை வெறும் முகவரியாக நம் புரோகிராமுக்குள் மேப் செய்து தருகின்றன. அவற்றுக்குப் பின்னால் கெர்னல் எண்ணிக்கை வைக்கும் சாதாரணப் பக்கம் கிடையாது என்பதால் விஎம்ஸ்ப்ளைஸ் அவற்றை எடுக்க மறுக்கும். அங்கே டிரைவர் பஃபரிலிருந்து நம் பஃபருக்கு ஒரு நகல் தவிர்க்க முடியாததாகிவிடுகிறது, அப்படியானால் அந்த ஒரு நகலாக ரைட்டே இருந்துவிட்டுப் போகட்டும்.

தரவுக்கு முன்னால் சின்னத் தலைப்பு அனுப்ப வேண்டியிருந்தால், அதை ரைட்டில் அனுப்பிவிட்டு உடலை மட்டும் விஎம்ஸ்ப்ளைஸ் செய்யுங்கள். வரிசை கெடாது. தலைப்பு உடனே நகலெடுக்கப்படுவதால் அதன் இடத்தை அந்தக் கணமே மறுபடி பயன்படுத்தலாம்.

இதே அழைப்பைப் பைப்பின் படிக்கும் முனையில் செய்தால் எதிர்த்திசையில் வேலை செய்யும், பைப்பிலிருந்து நம் மெமரிக்கு. ஆனால் அங்கே நகல்தான் நடக்கிறது. பல பஃபர்களில் ஒரே அழைப்பில் படிக்கும் ரீட்வீ செய்வதற்கு மேல் அதில் லாபமில்லை.

'கிஃப்ட்' என்று ஒரு ஃப்ளாக் இருக்கிறது. இந்தப் பக்கத்தை உனக்கே கொடுத்துவிட்டேன், இனி தொடமாட்டேன் என்று கெர்னலுக்குக் கொடுக்கும் வாக்கு அது. முகவரியும் நீளமும் பக்க அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். பின்னால் ஸ்ப்ளைஸ் 'மூவ்' ஃப்ளாகோடு வந்தால் அந்தப் பக்கத்தையே கோப்பின் பக்கமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். மூவ் ஃப்ளாகின் செயலாக்கத்தில் பிழை இருந்ததால் 2.6.21இலேயே அது செயலற்றதாக்கப்பட்டது. பிறகு 2.6.35இல் ஃப்யூஸ் கோப்பு முறைமைக்கு மட்டும் திரும்ப வந்தது. சாதாரண கோப்புக்கு எழுதுகிறீர்கள் என்றால் கிஃப்ட் கொடுத்தாலும் நகல் நடக்கும்.

லாபம் எவ்வளவு?

நகலெடுப்பின் செலவை நேராகக் கணக்கிடலாம். நொடிக்கு 10 ஜிகாபைட் வேகத்தில் நகலெடுக்கும் கோரில் ஒரு பக்கத்துக்கு 0.4 மைக்ரோநொடி. நம் ஒற்றைக் கேமரா நொடிக்கு 760 பெருக்கல் 25, அதாவது 19,000 பக்கம். மொத்தம் 7.6 மில்லிநொடி, ஒரு கோரின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே கோரில் வீடியோவைச் சுருக்கும் வேலை இதைப்போலப் பல மடங்கு தின்னும். ஆகவே ஒரு கேமராவுக்கு விஎம்ஸ்ப்ளைஸ் வேண்டாம். பைப்பை ஒரு மெகாபைட்டாகப் பெரிதாக்கி, ஃப்ரேமை ஒரே ரைட்டில் கொடுங்கள். ஃப்ரேமுக்கு 48 முறை நிரம்பி நிரம்பிக் காத்திருப்பது 3 ஆகக் குறையும். அதிலேயே கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம் வந்துவிடும்.

கணக்கு மாறுவது அளவு பெருகும்போது. 3840க்கு 2160 அளவில் ஒரு ஃப்ரேம் 1,24,41,600 பைட், 3038 பக்கம். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் சுமார் 746 மெகாபைட், நகலுக்கு மட்டும் 73 மில்லிநொடி. தல்லாகுளத்தில் எதிர்சேவை முதல் ஆற்றங்கரை வரை நான்கு கேமரா வைத்து எல்லாம் ஒரே கணினிக்கு வந்தால், கோரின் கால் பங்குக்கு மேல் நகலெடுப்பே கொண்டுபோகும். அத்தோடு நொடிக்கு 3 ஜிகாபைட் மெமரி வழியாகப் போய் மற்ற வேலைகளின் கேஷையும் துடைத்துவிடும். அங்கே விஎம்ஸ்ப்ளைஸ் யோசிக்கத்தக்கது. அப்போதும் அதற்கென்று ஒரு செலவு உண்டு: ஒவ்வொரு பக்கத்தையும் அட்டவணையில் தேடி, எண்ணிக்கையைக் கூட்டி, பிறகு குறைக்க வேண்டும். பஃபர்களை 2 மெகாபைட் பெரும்பக்கங்களில் வைத்தால் அந்தத் தேடல் சுருங்கும். அறைகள் என்னவோ 4096 பைட் கணக்கிலேயே நிரம்பும்.

எழுதும் புரோகிராம், படிக்கும் புரோகிராம் இரண்டுமே நம்முடையது என்றால் பைப்பையே விட்டுவிட்டுப் பகிர்ந்த மெமரி வைத்துக்கொள்வது இன்னும் எளிது. அங்கே இரண்டு நகலும் இல்லை, முடித்ததைச் சொல்லும் குறியையும் நாமே வைத்துக்கொள்ளலாம். விஎம்ஸ்ப்ளைஸ் பொருந்துவது மறுமுனை நம் கையில் இல்லாமல், பைப்பிலிருந்து மட்டுமே படிக்கத் தெரிந்ததாக இருக்கும்போது. சாக்கெட்டுக்குத்தான் போக வேண்டும் என்றால், 2017இல் 4.14 கெர்னலில் வந்த எம்எஸ்ஜி-சீரோகாப்பி பக்கத்தைப் பயன்படுத்தி முடித்ததும் பிழை வரிசை வழியாகத் தகவல் சொல்கிறது. விஎம்ஸ்ப்ளைஸில் இல்லாத அந்த ஒன்று அங்கே இருக்கிறது.

பாதுகாப்பில் வந்த வினைகள்

2008 பிப்ரவரியில் இந்த அழைப்பின் பெயர் உலகம் முழுக்க அடிபட்டது. புரோகிராம் கொடுத்த முகவரி உண்மையிலேயே அதற்குச் சொந்தமான பகுதியில் இருக்கிறதா என்று கெர்னல் சரிபார்க்கத் தவறியிருந்தது. சாதாரண பயனர் எவரும் ரூட் (கணினியின் முழு அதிகாரமும் உள்ள பயனர்) ஆகலாம் என்ற நிலை. 2.6.17 முதல் 2.6.24.1 வரை, அதாவது அழைப்பு பிறந்த நாள் முதலே, அந்த ஓட்டை இருந்தது, 2.6.24.2இல் அடைக்கப்பட்டது. சிவிஇ-2008-0600 என்பது அதன் பதிவு எண்.

2020இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஜேன் ஹார்ன் காட்டியது வேறு வகை, இந்தக் கட்டுரையின் மையத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது. ஃபோர்க் செய்ததும் தாயும் சேயும் ஒரு பக்கத்தைப் பகிர்கிறார்கள். சேய் அந்தப் பக்கத்தை விஎம்ஸ்ப்ளைஸ் மூலம் பைப்பில் ஏற்றிவிட்டு, தன் மேப்பிங்கை நீக்கிவிடுகிறது. இப்போது பக்கத்தை மேப் செய்திருப்பது தாய் மட்டும். ஆகவே தாய் எழுதும்போது கெர்னல் புதுப் பக்கம் கொடுக்காமல் பழையதிலேயே எழுத விடுகிறது. பைப்பில் காத்திருக்கும் சேய், தாய் பின்னால் எழுதிய ரகசியத்தைப் படித்துவிடுகிறது. ஆண்ட்ராய்டில் எல்லா ஆப்களும் ஒரே தாய் புரோசஸிலிருந்து ஃபோர்க் ஆகின்றன என்பதால் இது ஏட்டளவு ஆபத்தாக நிற்கவில்லை. சிவிஇ-2020-29374 எனப் பதிவான இதை முழுமையாகச் சரிசெய்ய, எந்தப் பக்கம் ஒருவருக்கே உரியது என்பதை கெர்னல் தனியாகக் குறித்துவைக்கும் ஏற்பாடு பின்னர் தேவைப்பட்டது. 2022இல் மேக்ஸ் கெல்லர்மன் வெளிப்படுத்திய 'டர்ட்டி பைப்' ஓட்டையை இதோடு சிலர் குழப்புகிறார்கள். அது ஸ்ப்ளைஸில் வந்தது. பைப் அறையின் ஃப்ளாகைச் சுத்தம் செய்யாமல் விட்டதால், படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பின் பக்கத்தில் ஒட்டி எழுத முடிந்தது.

விஎம்ஸ்ப்ளைஸை மிகப் பொருத்தமாகப் பயன்படுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது கிரியூ. ஓடும் புரோசஸை உறையவைத்து, அதன் மெமரியைக் கோப்பில் எழுதி, பிறகு வேறு கணினியில்கூட உயிர்ப்பிக்கும் கருவி. அது புரோசஸுக்குள் ஒரு சிறு நிரலை நுழைத்து, அதன் பக்கங்களை விஎம்ஸ்ப்ளைஸ் மூலம் பைப்புகளில் ஏற்றுகிறது. முன்கூட்டிய டம்ப் எடுக்கும்போது, ஏற்றி முடித்த உடனே புரோசஸை ஓடவிட்டுவிடுகிறது. பைப்பிலிருந்து வட்டுக்கு எழுதுவது அதன்பிறகு நிதானமாக நடக்கிறது. நடுவில் புரோசஸ் தன் பக்கத்தில் எழுதினால் பைப்பில் இருப்பதும் மாறிவிடுமே? மாறும். ஆனால் எந்தப் பக்கம் மாறியது என்று கெர்னல் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது, அடுத்த சுற்றில் அந்தப் பக்கங்கள் மறுபடி எடுக்கப்படும். கொடுத்த பக்கம் எப்போது திரும்பியது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. விலை மெமரியில்: வட்டுக்குப் போய்ச் சேரும்வரை பைப்புகள் அத்தனை பக்கங்களையும் விடாமல் பிடித்திருக்கும். அதனால்தான் பக்கங்களை நேராகப் படித்து நகலெடுக்கும் இன்னொரு முறையையும் கிரியூவில் பின்னர் சேர்த்தார்கள்.